“கதவத் தொற, டார்சி”

புயல் ஓய்ந்த இரண்டாம் நாள் காலையில்தான் டார்சியின் வீட்டுக்குப் போக முடிந்தது. மெல்பர்னுக்குக் கிழக்கே, கிப்ஸ்லாந்து மலைக்காட்டுப் பாதையெங்கும் யூகலிப்டஸ் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மீட்புத் தொண்டர்களான நானும் பிரான்வினும் ரம்பத்தால் அறுத்து வழி செய்துகொண்டே வண்டியில் மேலேறினோம். நசுங்கிய இலைகளின் தைல நெடியில் தொண்டை கமறியது. ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

டார்சி முன்வாசலில் நாற்காலி போட்டு, காலை வேளையிலேயே பீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“இப்பத்தான் விடிஞ்சுதா உங்களுக்கு? மொதல்ல என் காரு மேல கெடக்கிற மரத்த எடுங்க.”

அவன் கூரையில் ஒரு தகரம்கூட அசையவில்லை. இந்த மாதிரி ஜென்மங்களைத் தொடக் காற்றுக்கே அருவருப்புப் போலிருக்கிறது.

வேலிக்கு அப்பால் வெர்னாவின் வீடு அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. அதில் அவள் தனியாக வசித்தாள்.

“வெர்னா எங்க?” என்றாள் பிரான்வின்.

“எவ வீட்டுக்காவது போயிருப்பா. நானென்ன அவளுக்குக் காவலா? காரப் பாருங்க.”

அப்போதுதான் கேட்டது.

“டார்சி... கதவத் தொற, டார்சி.”

மெல்லிய பெண்குரல். டார்சி வீட்டின் பின்பக்கமிருந்து.

டார்சியின் மடியில் பீர் கொட்டியது. அவன் எழவில்லை.

நாங்கள் ஓடினோம். பின்கதவுக்கு முன்னால் பெருங்கிளை ஒன்று விழுந்து கிடந்தது. அதனடியில் வெர்னா. உடம்பில் எறும்பு மொய்த்திருந்தது. புயலன்றே உயிர் போயிருக்க வேண்டும். விரிந்த உள்ளங்கை இன்னும் கதவிலேயே ஒட்டியிருந்தது.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

“தட்டினாளா?” என்று திரும்பி வந்து டார்சியின் சட்டையைப் பிடித்தேன்.

“தொறந்திருந்தா காத்து உள்ள பூந்து கூரையப் பிச்சிருக்கும்ப்பா...”

கூரை! பிரான்வின் அவன் காலடியில் காறித் துப்பினாள்.

“அப்ப இப்பக் கூப்பிட்டது யாரு?” என்று கிசுகிசுத்தேன்.



வெர்னாவைப் போர்த்தி வண்டியில் ஏற்றினோம். மறுபடியும் அந்தக் குரல்.

இம்முறை வீட்டுக்குள்ளிருந்து.

டார்சி பாய்ந்து வந்து எங்கள் வண்டியில் இடம் கேட்டான்.

“பின்னால அவ பக்கத்துல எடம் இருக்கு, ஏறிக்க,” என்றேன்.

அலறிக்கொண்டு நடந்தே மலையிறங்கினான்.

இப்போது மெல்பர்னில் ஒன்பதாம் மாடியில் இருக்கிறான். சுற்றிலும் ஒரு செடிகூடக் கிடையாது. போன வாரம், காற்றே இல்லாத ஒரு மத்தியானத்தில், போன் செய்தான்.

“வாசல்ல நிக்கிறா. நான் என்ன செய்ய?”

“இந்தத் தடவையாவது தொறந்து விடேன்டா, கோழைப் பயலே.”

அழுதான். அந்த அழுகைக்குப் பின்னால், வெகு அருகில், பெரிய மரம் ஒன்று மெதுவாக முறியத் தொடங்கும் சத்தம் கேட்டது.