கடைசி வண்டியின் ஹாரன்

ஹாரன் ஐந்து முறை ஒலித்தது. வண்டிகள் நான்குதான்.

முதல் ஒலி வழிகாட்டியுடையது. தன்னைக் ‘கேப்டன்’ என்றே கூப்பிடச் சொல்லியிருந்தான். இரண்டாவது, பல் டாக்டரும் மனைவியும் வந்த வண்டி. மூன்றாவது அவளுடைய தங்கை. நான்காவதை அவளே அழுத்தினாள். கட்டைவிரலில் பொத்தானின் அழுத்தம் இன்னும் இருந்தது. ஐந்தாவது, கொஞ்சம் தாமதமாக, அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, வாழைக்குள்ளிருந்து வந்தது.

“என்னக்கா, ரெண்டு தடவை அடிக்கிற?” தங்கை திரும்பிச் சிரித்தாள். ஹெல்மெட்டுக்குள் கன்னமெல்லாம் சேறு.

“வண்டிக்கு ஒண்ணுதான் மேடம்,” என்றான் கேப்டன். “நான் எண்ணித்தானே கூட்டிட்டுப் போறேன்.”

“கூடினா என்னப்பா? குறைஞ்சாத்தானே பிரச்சனை,” என்றார் பல் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். “பழக்கமில்ல, அதான்,” என்றாள் அவளும். ஒருவேளை நிஜமாகவே இரண்டு முறை அழுத்திவிட்டாளோ? எதிலும் முதலில் தன்னையே சந்தேகப்படுவது அவள் வழக்கம். ஆனால் இன்று அதற்குக் காரணம் இருந்தது.

வாழைத் தோட்டத்தை, பைக் போலக் கைப்பிடி பிடித்து ஓட்டும் நான்கு சக்கர வண்டிகளில் சுற்றிக் காட்டும் பயணம் அது. ஒவ்வொரு வேலியிலும் ஒரு கேட். தாண்டியதும் முன்னிருந்து வரிசையாக வண்டிக்கு ஒரு ஹாரன். கடைசியாக வருபவர் மட்டும் இறங்கி, சங்கிலியைக் கொக்கியில் மாட்டிவிட்டுத் தன் ஹாரனை அடிக்க வேண்டும். மூடியாயிற்று என்று அதற்கு அர்த்தம். கடைசி இடத்தை அவள்தான் கேட்டு வாங்கினாள். தங்கையின் கால் எலும்பு கூடி ஆறு மாதம்கூட ஆகவில்லை. “நீ அவ பின்னாடியே இரு” என்ற ஒரே நிபந்தனையோடுதான் அம்மா அனுப்பியிருந்தாள்.

இரண்டாவது கேட்டைத் தாண்டும்போது கேப்டன் வண்டியை நிறுத்தி, அவர்கள் கடந்து வந்த, நோய் விழுந்து கைவிடப்பட்ட பகுதியின் வாழைகளைக் காட்டினான். “இங்க இப்ப யாரும் வெட்டுறதில்ல. ஆனா வெட்டுற சத்தம் கேக்கும். காதுல போட்டுக்காதீங்க. கேட்டை மட்டும் திறந்து விட்டுராதீங்க.” பிறகு அரிவாளை எடுத்து ஓரத்து மரம் ஒன்றை ஒரே வீச்சில் சாய்த்துக் காட்டினான். வெட்டுவாயில் நீர் கொப்பளித்துக் காற்றுப் பட்டதும் பழுப்பாக மாறியது. டாக்டர் மனைவி கைதட்டினாள்.

அந்தக் கேட்டின் சங்கிலி துருவேறி இறுகியிருந்தது. அவள் இழுத்துக்கொண்டிருந்தபோதே தங்கையின் வண்டி திருப்பத்தில் மறைந்துவிட்டது. கொக்கியை எட்ட இன்னும் ஒரு விரல் அளவு மிச்சம். சங்கிலியை அப்படியே தொங்க விட்டுவிட்டு அவள் வண்டியில் ஏறி, திருப்பத்துக்கு அப்பால் காத்திருந்தவர்களை எட்டியதும் தன் முறைக்கு ஹாரன் அடித்தாள்.

மூடியாயிற்று என்று.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். திரும்பிப் போகவேண்டியிருக்கும், சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள்.

பாதை இறங்கியது. அழுகிய தண்டின் புளித்த வாடையும் பெட்ரோல் புகையும் கலந்து தொண்டையில் ஒட்டின. இருபுறமும் நீல பிளாஸ்டிக் உறை போட்ட தார்கள் தலைகீழாகத் தொங்கின. காற்று நின்றிருந்தும் பின்பக்கத்து உறைகள் மட்டும், யாரோ தோளால் ஒதுக்கிக்கொண்டு வருவதைப் போல, வரிசையாகச் சலசலத்தன. அவள் வேகத்தைக் குறைத்தபோது அந்தச் சத்தமும் குறைந்தது.

மூன்றாவது கேட். அதையடுத்துக் கம்பிப்பாதை: வெட்டிய தார்களைக் கொக்கிகளில் மாட்டித் தலைக்கு மேலே இழுத்துப் போகும் இரும்புக் கம்பி. முன்னே போன மூன்று வண்டிகளும் அதைத் தாண்டி நின்றன. அவள் கேட்டுக்குள் வந்து எஞ்சினை அணைத்தாள். இதையாவது சரியாக மூட வேண்டும்.

ஹாரன்கள் ஒலித்தன. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

கேப்டன் கட்டைவிரலை உயர்த்தினான். கணக்கு சரி.

அவள் இன்னும் பொத்தானைத் தொடவே இல்லை.

“வண்டியை எடுங்க!” என்று கத்தினாள். “போயிடு! தங்கம், போயிடு!”

“என்னக்கா?” தங்கை ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

வாழை இலைகள் விலகின. ஏதோ பாதையைக் கடந்தது. அவள் பக்கம் அல்ல. தங்கை நின்ற பக்கம். அதே நேரம் கம்பி கிறீச்சிட்டது. நீல உறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடுவே ஓடி வந்து மறைத்தன.

வெட்டும் சத்தம். ஈரமான சத்தம். டாக்டர் மனைவியின் அலறல் பாதியில் அறுந்தது. மறுபடி. மறுபடி. உறைகளின் இடுக்கில் ஒரு காலி இருக்கை. சிவப்பு. அடுத்த இடுக்கில் அரிவாளோடு ஓடும் கேப்டன். அடுத்ததில் அரிவாள் மட்டும், மண்ணில்.

பிறகு ஹாரன். நிற்காமல்.

தங்கையுடையது. உயிரோடிருக்கிறாள். கூப்பிடுகிறாள். அவள் குனிந்து உறைகளுக்கு அடியில் பார்த்தாள். கைப்பிடி தெரிந்தது. பொத்தானை அழுத்திய கை தெரிந்தது.

கை மட்டும்.

தார்கள் ஓடி முடிந்தன. கடைசி உறைகள் பெரியவை. கனத்தில் கம்பி தாழ்ந்தது. ஒன்றின் அடியில் பூட்ஸ் அணிந்த இரண்டு கால்கள். அடுத்ததில் ஆண் செருப்பு. அதற்கடுத்ததில் மெட்டி அணிந்த விரல்கள். அடுத்ததன் அடியில் ஈரமான கூந்தல், சேற்றைத் தொட்டு இழுபட்டுப் போனது.

ஐந்தாவது கொக்கி காலி. அதில் ஒரு நீல உறை மட்டும், வாய் திறந்து.

அது அவள் எதிரே வந்து நின்றது.

முதுகுக்குப் பின்னால் சங்கிலி கலகலத்தது. ஒரே இழுப்பில் கொக்கியில் விழுந்தது. பிறகு, அவள் காதருகே, ஒரு ஹாரன்.