நடுக்குளத்தில் ஏறிய பாரம்

பண்டாரவளையில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பர்ஹான், அதுவரை படகு மோட்டார் எதையும் தொட்டதில்லை. அதுவும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்தானே என்று ஒரு தேயிலைத் தோட்டத்து முதலாளி டெலிபோனில் சொன்னதால் ஒப்புக்கொண்டான்.

அவன் போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு மணி. தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே கறுத்த தண்ணீரோடு நீளமாகக் கிடந்தது குளம். கரையில் ஒரு தகரக் குடிசை. அங்கே தனியாக இருந்த படகுக்காரர் வீரய்யாவுக்கு அறுபது வயதிருக்கும். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார்.

அக்கரை மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களை ஏற்றிப் போகத்தான் இந்தப் படகை மூன்று வாரத்துக்கு முன் திருகோணமலையிலிருந்து கொண்டுவந்தார்களாம். கரையோரம் நன்றாக ஓடும் மோட்டார், நடுக்குளத்துக்குப் போனதும் திணறி நின்றுவிடும். நாலு தடவை போயும் அவர் துடுப்புப் போட்டுத்தான் திரும்பியிருக்கிறார். பெண்கள் பயந்துபோய் மலையைச் சுற்றி இரண்டு மணி நேரம் நடக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் படகு ஓடாவிட்டால் அக்கரை மலையைக் காடாக விட்டுவிடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். பதினெட்டுப் பேருக்கு வேலை போய்விடும்.

பர்ஹான் மூடியைக் கழற்றினான். இரண்டு பிளக்குகளிலும் ஈரக் கரி படிந்திருந்தது, புதிதாக மாற்றினான். பழைய பெற்றோலைப் போத்தலில் ஊற்றித் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தான். கலக்கவில்லை. இருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு, புதுப் பெற்றோலில் எண்ணெயை அளந்து கலந்தான். கார்புரேட்டரைப் பிரித்துத் துவாரங்களை ஊதிச் சுத்தம் செய்தான். டாங்கியின் மூடியில் காற்று போகும் ஓட்டைகூடத் திறந்துதான் இருந்தது. கடைசியில் மோட்டாரைத் தண்ணீர் பீப்பாய்க்குள் இறக்கி, அரை மணி நேரம் ஓடவிட்டான். ஒரு திக்கல்கூட இல்லை.

மூன்று மணிக்கு மலையிலிருந்து பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது. வீரய்யாவும் ஏற வந்தார். பாரமில்லாமல் ஓட்டிப் பார்த்தால்தான் குறை பிடிபடும், நீங்கள் கரையிலேயே இருங்கள் என்றான் பர்ஹான். அவர் கரைக் கல்லுக்கே திரும்பினார். பிறகுதான் சொன்னார். நாலு வருசத்துக்கு முன், தீபாவளிக்குத் துணி எடுக்கப் பண்டாரவளைக்குப் போன ஐந்து பேர், இதேபோலப் பனிமூட்டத்தில் அக்கரையில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் திரும்பும்போது நடுக்குளத்தில் படகு கவிழ்ந்து செத்துப்போனார்கள். அடுத்த மழையில் மண் சரியும் என்று அந்த லயங்களையும் காலி செய்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு படகும் அக்கரை சேர்ந்ததில்லை.

"நின்னுபோச்சுன்னா திரும்பிடுங்க தம்பி," என்றார். "அங்க காத்துக்கிட்டு இருக்காதீங்க."

பர்ஹான் பிஸ்மி சொல்லிக் கயிற்றை இழுத்தான். முதல் இழுப்பிலேயே பிடித்தது. கரையும் குடிசையும் வீரய்யாவும் சீக்கிரமே வெள்ளைக்குள் மறைந்துபோனார்கள். நாலு பக்கமும் எதுவும் தெரியவில்லை. தண்ணீரில் ஒரு பறவைகூட இல்லை.

நடுக்குளம் வந்தது.

எஞ்சினின் குரல் இறங்கியது.

பர்ஹான் பிளக் தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தான். எதைக் கழற்றினாலும் சத்தம் மாறியது. இரண்டு சிலிண்டரும் வேலை செய்கின்றன. குளிர்விக்கும் தண்ணீர் நூல்போல வெளியே வந்துகொண்டிருந்தது. படகைத் தள்ளும் விசிறியில் பாசி சுற்றவில்லை. ஆனாலும் எஞ்சின் முக்கிக்கொண்டிருந்தது. அந்த முக்கலை அவனுக்குத் தெரியும். அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய திரீவீலர் பண்டாரவளை ஏற்றத்தில் இப்படித்தான் முக்கும்.

எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. பாரம்.

அவன் மெல்லத் திரும்பிப் படகின் முன்பக்கத்தைப் பார்த்தான். பலகைகள் வெறுமையாக இருந்தன. ஆனால் வெறும் படகில் மேலே தூக்கி நிற்கவேண்டிய மூக்கு, தண்ணீருக்கு நாலே விரல் மேலாகத் தாழ்ந்து கிடந்தது.

அப்போதுதான் வாசனை வந்தது. கஞ்சிப்பசை போகாத புதுத்துணி வாசனை, நனைந்த புதுத்துணி.

சொப்பிங் பேக் ஒன்று சரசரத்தது.

பர்ஹான் சுக்கானைத் திருப்பி, வந்த கரைக்கே போகப் பார்த்தான். எஞ்சின் இரண்டு தடவை இருமி, நிற்கப் போனது. பதறிப்போய் அக்கரைப் பக்கம் திருப்பினான். உடனே பிடித்துக்கொண்டது. மறுபடியும் இக்கரைக்குத் திருப்பினான். மறுபடியும் இருமல். மூன்றாவது தடவை அக்கரையை நோக்கித் திருப்பினான். அதற்கு மேல் திருப்பவில்லை.

அக்கரை என்று அவன் கண்டது, கூரை போன லயச் சுவர்களையும் புல் மூடிய ஒரு படித்துறையையும்தான். யாருமில்லாத வாசல்கள் பனிமூட்டத்துக்குள் வரிசையாகத் திறந்து கிடந்தன. படகின் மூக்கு களிமண்ணில் முட்டியது.

என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

"எறங்குங்க," என்று முணுமுணுத்தான். "வந்தாச்சு."

படகு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. மூக்கு கொஞ்சம் எழும்பியது.

மறுபடியும் சாய்ந்தது.

மூன்று. நாலு.

ஐந்தாவதுக்குக் காத்திருந்தான். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் காத்திருந்தும் படகு அசையவில்லை. அவனுக்கு அதற்கு மேல் அந்த வாசல்களைப் பார்த்துக்கொண்டிருக்கத் தைரியம் இல்லை. துடுப்பால் தள்ளிக்கொண்டு திரும்பினான். இந்தத் தடவை நடுக்குளத்தில் எஞ்சின் இருமவில்லை. ஒரே சீராக ஓடியது. லேசான இழுவை மட்டும் இருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு இருக்குமோ, அவ்வளவு.

வீரய்யா தண்ணீரில் இறங்காமல், கரைக் கல்லின் மேலேயே நின்று காத்திருந்தார். பர்ஹான் எஞ்சினை நிறுத்தினான். நடந்ததை முழுக்கச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நாலு பேர் அங்கே இறங்கிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னான். அவர் ஆச்சரியப்படவில்லை.

"மத்த ஆளு?"

"எறங்கல்லண்ணே. நடுப்பலகையில, இடது பக்கமா இருக்குற மாதிரி இருக்கு."

வீரய்யா நடுப்பலகையைப் பார்த்தார்.

"அவ ஏன் அங்க எறங்கப் போறா," என்றார். "அங்கதான் நான் இல்லையே. எங்க வீடு இப்ப இந்தப் பக்கந்தான்."

ஐந்து பேர் என்று சொன்னவர், அதில் ஒருத்தி தன் பெண்சாதி என்று அதுவரை சொல்லவில்லை.

அவர் குனிந்து, கிழவிகளைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுகிறவர்களைப்போல, ஒரு கையைப் படகுக்கு மேலே நீட்டினார். பர்ஹான் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் விரல்கள் எதையோ பற்றி மூடின. படகு ஒருமுறை சாய்ந்து, இறகுபோல லேசாக நிமிர்ந்து மிதந்தது.

வீரய்யா குடிசையை நோக்கி மெதுவாக, அடிக்கொருதரம் நின்று நின்று நடந்தார். நீட்டிய கையை அவர் தாழ்த்தவில்லை. அன்றைக்கு அவர் குளத்துத் தண்ணீரைத் தொடவே இல்லை. ஆனால் அந்தக் கையின் மணிக்கட்டிலிருந்து வழிநெடுகத் தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.