சுண்ணாம்புக்கு அடியில் ஒருத்தி

மலை உச்சித் தேவாலயத்துக்கு நாங்கள் ஏறி வந்தபோது பட்டப்பகலிலேயே மூடுபனி இறங்கியிருந்தது. பழைய சுவர்களைச் செப்பனிடுவது என் வீட்டுக்காரருக்குத் தொழில். சாந்து குழைத்துக் கொடுப்பது எனக்கு. உள்ளே ஆள் படுக்கிற அகலத்துக்குக் கல்சுவர். குவிமாடத்துக்குக் கீழே கிசுகிசுத்தால்கூட மறுகோடியில் கேட்டது. எங்கும் ஈரச் சுண்ணாம்பு வாடை.

பீடத்துக்குப் பின்னால், வளைவுக்கு அடியில், பழைய வெள்ளைப் பூச்சைச் சுரண்டியபோதுதான் அவள் வந்தாள். சுவரோவியமாக, சிறகு விரித்த சம்மனசு ஒருத்தி.

அன்றிலிருந்து மனுஷர் என் பக்கம் திரும்பவே இல்லை. கல்யாணமான புதிதில் என் மேலுதட்டு மச்சத்தைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தவர்தான். இப்போது பஞ்சை நனைத்து அவள் கன்னத்தை ஒற்றிக்கொண்டிருந்தார்.

"சாப்பிட வாங்க."

"உஷ்... இப்பதான் கண்ணு தெரியுது."

கண்ணாம் கண்ணு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போயும் போயும் ஒரு சுவரா எனக்குச் சக்களத்தி?

மறுநாள் அவர் மணல் வாங்க மலையிறங்கினார். நான் சுண்ணாம்பு வாளியோடு சாரத்தில் ஏறினேன். ஒரே பூச்சு. அவள் முகம் மறைந்தது.

மறைகிற நேரத்தில் சிரித்தாள்.

கீழே மணியடிக்கிற பெரியவர் வெளிறிப்போய் நின்றிருந்தார்.

"நீயும் அடிச்சிட்டியா?"

"அடிச்சா என்ன? யாரோ ஒருத்தி..."

"யாரோ இல்லம்மா. இதைக் கட்டின மேஸ்திரி ஒருத்தியை வரைஞ்சாரு. பொறுக்காம அவர் பொண்டாட்டி சுண்ணாம்பு அடிச்சா. அப்புறம் சுரண்டிப் பார்த்தப்போ, அந்தப் பொண்டாட்டி முகம்தான் வந்துச்சு. அதுக்கு மேல அடிச்சவளுக்கும் அதே கதிதான்."

"அவங்கல்லாம் எங்க போனாங்க?"

அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் திரும்பி வந்தார். நேரே சாரத்தில் ஏறிச் சுரண்ட ஆரம்பித்தார்.

அந்தச் சத்தம் சுவரிலிருந்து வரவில்லை.

என் பற்களுக்குள் கேட்டது.

"அடியே, இங்க பாரேன்! முந்தினவளைவிட இவ அழகு. மேலுதட்டுல மச்சம்கூட இருக்கு."

என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார். அங்கே இருந்தது என் முகம். அப்போதும் எனக்கு வயிறு எரிந்தது.

உதட்டைத் தடவிப் பார்த்தேன். மச்சம் இல்லை. விரலெல்லாம் ஈரச் சுண்ணாம்பு.