தண்ணீர் பட்ட கேள்வித்தாள்

காலை எட்டு நாற்பது. கணக்குத் தேர்வுக்கு இருபது நிமிடம் இருக்கையில், கடைசி பெஞ்சுக்கு அடியில் அன்றைய கேள்வித்தாளின் ஐந்து பிரதிகள் கிடைத்தன. மாணவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கேள்வித்தாளை வீட்டில் அச்சடித்து, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தவர் கணக்கு டீச்சர். பழி நேரே அவர் தலையில் விழுந்தது. மதியம் ஒரு மணிக்குள் விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும்.

பத்து ஐந்து. ஒரு பிரதியோடு டீச்சர் வீட்டுக்கு வந்தார். மாடியில் குடியிருந்த நாத்தனார் இறங்கி வந்தாள். பிரிண்டர் மெக்கானிக், ஒரு திருகு கண்ணில் பட்டால் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டாள். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

“நம்ம மெஷின்தான் அண்ணி. ஓரத்துல ரோலர் தழும்பு இருக்கு பாருங்க. மாத்தணும்னு மூணு மாசமா கத்துறேன்.”

“அப்போ நான்தான்னு முடிவே கட்டிடுவாங்களே!”

“கேள்வியை எதுல வச்சிருந்தீங்க?”

“பென் டிரைவ்ல. ரெண்டு நாள் ஹால் மேஜைமேலயே கிடந்துச்சு. புத்தி கெட்டவ நான்.”

“இந்த பிரிண்டருக்கு யார் யார் அனுப்புறோம்?”

“கீழ என் கம்ப்யூட்டர், மேல உங்க லேப்டாப். உன் அண்ணன்தான் ஊர்லயே இல்லையே.”

மேஜைமேல் வைத்த தாளை எடுக்கப் போன டீச்சரின் கை பட்டு, டம்ளர் சாய்ந்து தாள்மேல் தண்ணீர் கொட்டியது. கறுப்பு எழுத்துகள் நீலமும் ரோஸுமாகக் கரைந்து ஓடின.

“ஐயோ, இருந்த ஒரு சாட்சியும் போச்சே!”

“போகல அண்ணி. இப்பதான் வாயைத் திறக்குது.”

டீச்சர் அச்சடித்த பழைய தாள் ஒன்றை நாத்தனார் எடுத்து, அதன்மேலும் தண்ணீர் விட்டாள். ஓர் எழுத்துகூட அசையவில்லை.

“இந்த மெஷின்ல கறுப்பு மை தனி ரகம். காய்ஞ்சா கரையாது. ஆனா போட்டோ பேப்பர்னு செட்டிங் வச்சா, மெஷின் அந்தக் கறுப்பைத் தொடாது. மூணு கலரையும் கலந்து கறுப்பு காட்டும். அது தண்ணி பட்டா ஓடிடும். இந்த செட்டிங் மெஷின்ல நிக்காது, அனுப்புற கம்ப்யூட்டர்லதான் நிக்கும். உங்களுது சாதாத் தாள்னு இருக்கு. அப்படின்னா...”

மாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு நேரம் கண்ணில் துள்ளிய ஆர்வம் வடிந்துபோனது. தாளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

பத்து நாற்பது. மாடியில் அவள் கணவர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். டியூஷன் வாத்தியார். போன தடவை டீச்சரின் பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் கணக்கில் கோட்டை விட்டதிலிருந்து, டியூஷனுக்கு வருகிற கூட்டம் தேய்ந்துகொண்டே போனது.

“யாருன்னு தெரிஞ்சுதா?” என்றார், தலை நிமிராமல்.

“தெரிஞ்சுது. சட்டையைப் போடுங்க. அண்ணியோட நீங்களும் ஸ்கூலுக்கு வர்றீங்க.”

பேனா நின்றது.

“கேள்வித்தாள் அச்சானது நம்ம லேப்டாப்புல இருந்துங்க.”

“அதை நீயும்தானே தொடுற?”

“தொடுறேன். நம்ம பொண்ணு படங்களை அச்சடிக்க போட்டோ பேப்பர்னு அதுல வச்சதே நான்தான். ஆனா கேள்வித்தாள் அடிக்கிறது நானா இருந்தா, முதல்ல அந்த செட்டிங்கைத்தான் மாத்தியிருப்பேன்.”

அவர் சுவரைப் பார்த்தார். சுவர் முழுக்க மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பேனாவை மூடி வைத்துவிட்டு, “எந்தச் சட்டையைப் போடட்டும்?” என்று கேட்டார்.