மைனஸ் ஒன்று

"அம்மா, கூப்பிட்டும் பதில் வரலன்னா, உள்ள யாருமே இல்லன்னு அர்த்தமா?"

கண்ணாமூச்சி ஆடும்போது குவார்ட்டர்ஸ் கதவருகே நின்று இசைப்பிரியா ஒருமுறை இப்படிக் கேட்டாள். லேப்டாப்பிலிருந்து தலை தூக்காமல், "ஆமாண்டி, போய் விளையாடு" என்று சொல்லி அனுப்பினாள் வெண்மதி. அன்று அவள் நிரலில் எழுதிக்கொண்டிருந்ததும் அதே பதில்தான்.

முத்தாண்டிக்குப்பம் சாலையில் இருந்த ஒரு தனியார் நிலக்கரி யார்டுக்காக, சி மொழியில் எழுதிய சின்ன நிரல் அது. பங்கர் என்னும் ஆழமான இரும்புத் தொட்டியில் ஈரக்கரி ஒட்டிக்கொண்டால், காண்ட்ராக்ட் ஆள் கம்பியோடு இறங்கிக் குத்திவிட வேண்டும். இறங்கும்போதும் ஏறும்போதும் வாயருகே உள்ள ரீடரில் அட்டையைக் காட்ட வேண்டும். உள்ளே ஆள் இல்லை என்றால்தான் அடியில் இருக்கும் பெல்ட் ஓடும். நிரல் தானாக ரீடரைத் தொட முடியாது. கணினியின் மையமான கர்னலைத்தான் கேட்க வேண்டும். அது எட்டு என்றால், எட்டு இலக்க அட்டை எண் வந்துவிட்டது. மைனஸ் ஒன்று என்றால், 'என்னால் படிக்க முடியவில்லை' என்று பொருள்.

கரித்தூசியில் ரீடர் அடிக்கடி படுத்துக்கொண்டது. பெல்ட் நின்றுபோகும், சூப்பர்வைசர் தனகோட்டி போனில் கத்துவார். வெண்மதி ஒரு வரியைச் சேர்த்தாள்: மைனஸ் ஒன்று வந்தால், உள்ளே ஆள் பூஜ்யம். தெரியாது என்று கர்னல் நேர்மையாகச் சொன்னதை, இல்லை என்று மாற்றிவிட்டாள்.

அந்த ஐப்பசி மழையில் ரீடர் நனைந்தபோது காண்ட்ராக்ட் ஆள் ராயப்பன் உள்ளே இருந்தார். பெல்ட் ஓடியது. அட்டை காட்டாமல் இறங்கியது அவர் தவறு என்று சாவு விசாரணையில் எழுதினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த வெண்மதி வாய் திறக்கவில்லை. அவருடைய அட்டை கிடைக்கவே இல்லை.

ரீடர் பொருத்த வந்த நாளில் அளவெடுக்க அவள்தான் இறங்க வேண்டியிருந்தது. ஏணியில் கால் நடுங்கியதைப் பார்த்து ராயப்பன் சிரித்தார். "நீ நில்லு தங்கச்சி, புள்ளகாரி. நான் எறங்குறேன். எனக்கின்னா, பாதி நாளு உள்ளதான குடித்தனம் பண்ணிகினு கெடக்கிறன்."

இப்போது கார்த்திகை. ஞாயிறு மாலை, யார்டில் யாரும் இல்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மழை ஒரே சீராக இறங்கிக்கொண்டிருக்க, ஈரக்கரியின் புளித்த வாசனை கண்ட்ரோல் ரூமின் கதவிடுக்கு வழியே நுழைந்து மேசையிலும் துணியிலும் மூச்சிலும் படிந்தது. ரீடரைச் சரிபார்க்க வந்த வெண்மதி, யாரிடமும் சொல்லாமல் அந்த வரியை அழித்திருந்தாள். சோதிப்பதற்காக ரீடரின் வயரைப் பிடுங்கிவிட்டு நிரலை ஓட்டினாள். மைனஸ் ஒன்று வர வேண்டும்.

எட்டு வந்தது.

வயர் அவள் மடியில் கிடந்தது. திரையில் இருந்தது ராயப்பனின் எண். உள்ளே ஆள்: ஒன்று.

கணினியை அணைத்துப் போட்டாள். மறுபடி எட்டு. மறுபடி ஒன்று.

போன் அடித்தது. தனகோட்டி.

"இன்னா மேடம், முடிஞ்சுதா? ஆறு மணிக்கு பெல்ட் தானா ஓடணும்."

"உள்ள ஒருத்தர் இருக்கிறதா காட்டுது சார்."

"இன்னிக்கு லீவு, எவன் இருப்பான்? பழையபடி பூஜ்யம்னு போட்டுட்டுக் கெளம்புங்க. முன்னயும் போட்டீங்கள்ல!"

விரல் விசைப்பலகைமேல் நின்றது. ஒரே ஒரு வரிதான்.

ணங்.

மழைச் சத்தமில்லை. இரும்பில் இரும்பு படும் ஓசை. பங்கர் பக்கமிருந்து.

ணங். ணங்.

கம்பியால் கரியைக் குத்துகிற அதே பொறுமையான தாளம். வெண்மதி போனை வைத்தாள். வரியைப் போடவில்லை. பெல்ட் மோட்டாரின் ப்யூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் இறுக்கிக்கொண்டு மழைக்குள் நடந்தாள்.

பங்கர் வாய் கறுப்பாகத் திறந்திருந்தது.

"உள்ள இருக்கீங்களாண்ணே?"

ஓசை நின்றது. அவள் நகரவில்லை. கால் மணியோ அரை மணியோ, புடவை உடம்போடு ஒட்ட ஒட்ட, பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"தங்கச்சி, ஏற முடியல."

இந்த முறை அவளே இறங்கினாள். ஏழு படி. எட்டாவது படியில்லை. கரி முழங்கால்வரை வாங்கிக்கொண்டது. இருட்டில் ஒரு கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. குளிர்ந்த கை. விரல்கள் மூன்றுதான் இருந்தன.

"ஒங்க தப்பு இல்லண்ணே. நான் எழுதினதுதான்" என்றாள். கேட்க வேறு யாருமில்லை.

தோளை அவளே தாழ்த்தினாள். ஈரமான பாதம் ஒன்று அதன்மேல் ஏறியது. பிறகு தலைமேல். அவள் இடுப்புவரை புதைந்தாள். பாரம் விலகியது. மேலே ஏணி கிறீச்சிட்டது. ஒருகணம் வானத்தை ஏதோ மறைத்தது.

வயரில்லாத ரீடர் ஒருமுறை 'பீப்' என்றது. ஒருவர் வெளியே.

அவளிடம் அட்டை இல்லை. உள்ளே ஆள்: பூஜ்யம்.

ப்யூஸ் கட்டை உள்ளங்கையில் பத்திரமாக இருந்தது. காலடியில் பெல்ட் நகரத் தொடங்கியது.