பொட்டு வைத்த பூட்டு

பூட்டுக்குக்கூட லீவு உண்டா?

கவிநிலா யாரிடமும் கேட்கவில்லை. சாமி படத்தின் முன்னால் இருந்தவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்பேனர், காற்றடிக்கும் பம்பு, அவளுடைய கணக்குப் புத்தகம், நடுவில் காரின் பூட்டுக் கம்பியும் அதன் சாவியும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜையன்று சாமி முன்னால் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக் கூடாது என்பார் அம்மா.

கணக்குப் புத்தகத்தை எடுக்க முடியாததில் அவளுக்கு வருத்தமே இல்லை. பூட்டுதான் உறுத்தியது.

அம்மா துர்கா, ஊர் பார்க்க வருகிறவர்களைக் காரில் ஊசுட்டேரிக்குக் கூட்டிப்போய், ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்ட வைப்பார். அதுதான் அவருடைய வேலை. சைக்கிள்களை மாட்டக் காரின் பின்னால் ஓர் இரும்பு ரேக் உண்டு. காருக்கு அடியிலுள்ள சதுரக் குழாயில் ரேக்கின் காலைச் செருகி, குறுக்கே அந்தக் கம்பியைப் போட்டுப் பூட்ட வேண்டும்.

முன்பு பூட்டில்லாத கம்பிதான் போட்டிருந்தார்கள். முத்தியால்பேட்டையில், இதே தெருவில், யாரோ கம்பியை எடுத்துவிட்டு ரேக்கை உருவிக்கொண்டு போய்விட்டார்கள். ரேக்கோடு சங்கிலி போட்டுப் பிணைத்திருந்த சைக்கிள்களும் கூடவே போயின. அம்மா வெகுநாள் வேலையில்லாமல் வீட்டில் இருந்தார்.

கவிநிலா தெருவுக்கு வந்தாள். கார் மாலை போட்டுக்கொண்டு மாப்பிள்ளைபோல் நின்றது. ரேக்கைப் பிடித்து இழுத்தாள். சட்டென்று வெளியே நகர்ந்தது. பயந்துபோய் உள்ளே தள்ளினாள்.

“அம்மா, ரேக்கு இழுத்தா வருதும்மா.”

“நாளைக்குப் பூட்டிக்கலாம்டி. நல்ல நாள்ல எவன் வரப்போறான்? சாமி பாத்துக்கும்” என்றார் அம்மா, பொரியில் வெல்லம் கலந்தபடி.

சாமி பார்த்துக்கொள்ளும் என்றால் பூட்டு எதற்கு வாங்கினோம்? பூட்டை எடுத்தால் சாமிக்குக் கோபம் வருமா? ரேக் போனால் அம்மாவுக்கு அழுகை வருமே? கவிநிலாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்போது அப்பா வேலைக்குக் கிளம்பினார். அவர் ஓர் ஓட்டலில் காவலாளி. கழுத்தில் விசில் தொங்கியது. அதில் குங்குமப் பொட்டு.

“அப்பா, இது சாமிகிட்ட இருந்ததுதானே?”

“ஆமா. இது இல்லாம போனா, திருடன் வந்தா நான் வாயால கத்தணும். என் குரலுக்கு அவன் சிரிச்சிட்டுப் போயிடுவான்.”

அப்பா போன பிறகும் கவிநிலா அங்கேயே நின்றாள். பிறகு உள்ளே போய், கண்ணை மூடி சாமியிடம் ஏதோ சொன்னாள். கம்பியையும் சாவியையும் எடுத்துவந்து ரேக்கைப் பூட்டினாள்.

“ஏய், சாமிகிட்ட இருந்தத எதுக்குடி எடுத்த?”

அம்மா வாசலில் நின்றார்.

“அப்பா விசில் டூட்டிக்குப் போச்சில்ல? இதுக்கும் டூட்டி இருக்குதும்மா.”

அம்மா வாசலிலிருந்து இறங்கினார். கிட்டே வந்து ரேக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. இன்னொரு முறை, பலமாக இழுத்தார். மாலையிலிருந்து ஒரு சாமந்திதான் விழுந்தது.

“சரி, சாவியயாவது கொண்டுபோய் சாமிகிட்ட வை. காலையில எடுத்துக்கலாம்.”

கவிநிலா திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். இனி பொரி வாங்கத் தெருவே உள்ளே வரும்; சாமி முன்னால் இருக்கும் சாவியை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். தான் செய்வது சரியா, தப்பா என்று இன்னமும் அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் விரல்கள் சாவியின்மேல் மூடிக்கொண்டன.

“வேணாம்மா” என்றாள் மெதுவாக.