கூலன்ட் குறையாத காலை

குறைந்திருக்க வேண்டியது குறையவில்லை. சலவைக்கூடத்து வேனின் பானட்டைத் தூக்கி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பிளாஸ்டிக் டப்பாவை ஈரத்துணியால் துடைத்தபோதுதான் அவள் கவனித்தாள். கொஞ்ச நாளாகவே, எந்தக் காலையில் பார்த்தாலும், எஞ்சின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கிக் கிடக்கும். அவள் ஊற்றி நிரப்புவாள். தரையில் ஈரம் இருக்காது, குழாய்களில் கசிவு இருக்காது, மறுநாள் மறுபடி காலி. இன்றைக்கு மேல்கோடு வரை நின்றது. அவள் ஊற்றவில்லை. பச்சையில் துருவின் நிறம் கலந்திருந்தது. மூடியைத் திருகியதும் வழக்கமான இனிப்பு வாடைக்கு அடியில் கறிக்கடை வாடை அடித்தது.

"நான்தான் ஊத்தினேன்."

பின்னால் மாமா நின்றார். அக்காவின் கணவர்; கூடத்து வண்டிகளுக்கு மெக்கானிக். இடது கையில் முழங்கை வரை துணி சுற்றியிருந்தார்.

"கைக்கு என்ன ஆச்சு மாமா?"

"ஃபேன் கீறிடுச்சு. விடு."

"லீக் எங்கன்னு தெரிஞ்சுதா?"

"லீக்கே இல்ல. குடிக்குது," என்றார். எந்தத் தமாஷுக்கும் தானே முதலில் சிரிக்கிற மனுஷன், இதற்குச் சிரிக்கவில்லை. "வழியில நின்னுட்டா சிரமம். நானும் வரேன்."

ஆஸ்பத்திரிக்கு மதியத்துக்குள் விரிப்புகள் போய்ச் சேரவேண்டும். ரேடியேட்டர் துருவாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவள் வண்டியை எடுத்தாள்.

ஊரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் முனகலுக்கும் பின்னால் அடுக்கியிருந்த துணிகளின் சோப்பு வாசனைக்கும் நடுவே, டாஷ்போர்டுக்கு அந்தப் பக்கமிருந்து வேறொரு சத்தம், தாகத்தில் ஒரே மூச்சாகக் குடிக்கிற தொண்டையின் சத்தம், மடக் மடக்கென்று, நின்று நின்று, வந்துகொண்டிருந்தது. தூளியில் தூங்கும் குழந்தையைக் காதால் கவனிப்பவர்போல மாமா தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னும் அடங்கல," என்றார் மெதுவாக.

சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போனது. இருபுறமும் மரங்கள், முன்னும் பின்னும் ஒரு வண்டி இல்லை. அவள் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினாள்.

"ஆறட்டும் மாமா. மூடியைத் தொடாதீங்க."

அவர் அதற்குள் இறங்கி பானட்டைத் தூக்கிவிட்டார். அவள் ஓடிப்போவதற்குள் வெறும் கையால் மூடியைத் திருகினார். கொதிநீர் சீறி முகத்தில் அடித்தது. கன்னத்துத் தோல் ஈரக் காகிதமாகச் சுருண்டு தொங்கியது.

அவர் கத்தவில்லை. அதுதான் அவள் காலைக் கட்டிப்போட்டது.

கைத்துணியை அவிழ்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெட்டுக்கள், ஒன்றை ஒட்டி ஒன்று. கையை டப்பாவின் வாய்க்கு மேல் பிடித்துப் பிழிந்தார். சில சொட்டுகள்தான் விழுந்தன.

"எங்கிட்ட வத்திடுச்சும்மா."

"மாமா... அக்கா எங்க?"

"காலையில பாத்தியே. மேல்கோடு வரைக்கும் வந்துச்சுல்ல."

அவள் ஓரடி பின்வாங்கினாள்.

அவர் பாய்ந்து அவள் முடியைப் பிடித்தார். இழுத்தார். இன்னொரு கையில் இடுப்பிலிருந்து உருவிய கத்தி. அவள் முகம் எஞ்சின் மேல் குனிந்தது. ஆவி. கறிக்கடை வாடை. கத்தி தோளில் இறங்கியது. அவர் கையைக் கடித்தாள். வெந்த தோல் பல்லோடு வந்தது. பிடி தளர்ந்தது. நழுவினாள். அவர் தடுமாறி எஞ்சின் மேல் கவிழ்ந்தார். பானட்டைத் தாங்கிய கம்பியை உதைத்தாள்.

பானட் விழுந்தது. அவர் கழுத்தின்மேல். எலும்பு முறிகிற சத்தம். பானட்டின் மேல் ஏறி, தன் முழு எடையையும் போட்டு அழுத்தினாள். கால்கள் சேற்றை உதைத்தன. உதைத்தன. நின்றன.

வண்டிக்குள் ஏறிக் கதவைப் பூட்டினாள். தோளிலிருந்து ரத்தம் மடியில் சொட்டியது. சாவி உள்ளங்கையில் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

எஞ்சின் தானே உறுமிக் கிளம்பியது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பானட் சற்றே தூக்கிக்கொண்டு, மறுபடி அமர்ந்தது. மாமாவின் தோள்கள் உள்ளே போயின. பிறகு இடுப்பு. மடக். மடக். ஒரு செருப்பு மட்டும் சேற்றில் விழுந்தது.

சிவப்பில் துடித்துக்கொண்டிருந்த முள், மெல்ல, நடுவுக்கு இறங்கி நின்றது.